காலடியில் கடல், கையில் கலர் பிரின்ட்

2022-இல் பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் தமிழகத்திலேயே முதலிடம் பெரம்பலூர் மாவட்டத்துக்கு: 97.95 சதவீதம். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பிலும் பெரம்பலூர்தான், 97.67. 2024-இல் பத்தாம் வகுப்பின் முதலிடம் பக்கத்து மாவட்டமான அரியலூருக்குப் போனது, 97.31. 2025-இல் பிளஸ் டூவிலும் அரியலூர், 98.82. பின்தங்கிய வட்டாரம் என்று காலங்காலமாகச் சொல்லப்பட்டுவந்த மானாவாரி பூமியின் பிள்ளைகள் தேர்வில் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை என்பதை இந்த எண்கள் காட்டிவிட்டன. அந்த உழைப்பைக் குறைத்துப் பேசுவது அநியாயம். ஆனால் இதே பிள்ளைகள் பள்ளிக்குச் செய்துகொடுக்கும் ‘புராஜெக்ட்’ நோட்டைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். ஜிகினா ஒட்டிய அட்டை, ஸ்டேஷனரி கடையில் வாங்கிய படத்தாள், ஜெராக்ஸ் கடைக்காரர் கணினியில் தயாராக வைத்திருக்கும் ‘மழைநீர் சேகரிப்பு’, ‘சூரியக் குடும்பம்’, ‘அமில மழை’. தலைப்புச் சொன்னால் போதும், பத்துப் பக்கம் கலர் பிரின்ட் வந்துவிடும். அக்காவோ அம்மாவோ ராத்திரி உட்கார்ந்து ஒட்டித்தர, மறுநாள் ஐம்பது நோட்டுக்கும் ஆசிரியர் ஒரே மூச்சில் கையெழுத்துப் போடுவார். செய்தவருக்கும் திருத்தியவருக்கும் அதில் புதிதாக ஒன்றும் கிடைத்திருக்காது.

இதைச் சரிசெய்யப் பலரும் சொல்லும் யோசனைகள் பெரும்பாலும் அலங்காரம் சார்ந்தவை. சார்ட்டுக்குப் பதில் பவர்பாயின்ட் போடச் சொல்லுங்கள், நாடகமாக நடிக்கச் சொல்லுங்கள், குறும்படம் எடுக்கச் சொல்லுங்கள் என்பார்கள். தப்பில்லை, வகுப்பு கலகலப்பாகும். ஆனாலும் நோய் அங்கே இல்லை. ‘டைனோசர்கள் பற்றி ஒரு தொகுப்பு தயார் செய்க’ என்று கேட்டால் அதற்கான விடை ஆயிரம் இடங்களில் ஏற்கெனவே எழுதிக்கிடக்கிறது. எழுதிக்கிடக்கும் விடையைக் கேட்டால் அதை எடுத்து ஒட்டுவதுதான் புத்திசாலிப் பிள்ளை செய்கிற வேலை. காப்பியடித்தான் என்று அவனைத் திட்டுவதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது? எங்கும் எழுதப்படாத, யாரோ ஒருவருக்கு உண்மையிலேயே தேவைப்படுகிற விடையைத் தேடச் சொல்லும் கேள்வியைக் கொடுத்தால் காப்பியடிக்க இடமே இருக்காது. சுவாரசியமும் கற்பனையும் கேள்வியிலிருந்து பிறக்க வேண்டியவை. மேலட்டையில் ஒட்டிக்கொண்டு வருபவை வேறு. அப்படிப்பட்ட கேள்விகளுக்குத் தமிழகத்தில் பெரம்பலூர், அரியலூரைவிடத் தோதான நிலம் கிடைப்பது கஷ்டம்.

பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. உழுத வயலில் சிப்பியும் சங்கும் கல்லாகிக் கிடப்பதற்கும், அரியலூரைச் சுற்றி இத்தனை சிமென்ட் ஆலைகள் வந்ததற்கும் காரணம் ஒன்றுதான்: அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்பு. 1840-களிலேயே இங்கிருந்து தொல்லுயிர் எச்சங்கள் சேகரிக்கப்பட்டு லண்டன் போயின. ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து 1862-இல் எழுதியதை நிலவியலாளர்கள் இன்றும் பின்பற்றுகிறார்கள். ஃபெர்டினாண்ட் ஸ்டொலிஸ்கா என்ற மொராவியர் இங்கே கிடைத்த உயிரினங்களை ஒவ்வொன்றாக வரைந்து விவரித்துப் பெரும் தொகுதிகளாக வெளியிட்டார். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக்கிடக்கும் கல்மரத்தை 1940-இல் கண்டறிந்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன். காரை, கொளக்காநத்தம் பகுதியில் மழை அரித்த செம்மண் மேடுகள் அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரினத்தின் எச்சங்கள் கிடைக்கும் இடமென்று உலக ஆய்வாளர்களுக்குத் தெரியும். அது தேசிய நிலவியல் சின்னமும்கூட. டைனோசர்கள் அழிந்த காலத்துக்கு முந்தைய படிவையும் பிந்தைய படிவையும் ஒரே வட்டாரத்தில் பார்க்கலாம். வெளிநாட்டு மாணவர் விமானம் ஏறி வந்து பார்க்கும் இந்த மண்ணின் மேல் நடந்துதான் நம் பிள்ளை ஜெராக்ஸ் கடைக்குப் போகிறது.

பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 2020 அக்டோபரில் அங்கே குளத்தில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் படம் பறந்தது, கூட்டம் கூடியது, செய்தி வடநாட்டு ஊடகங்கள்வரை போனது. 2009-இல் செந்துறைப் பகுதியில் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாக சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்திருந்ததால் மக்கள் நம்பியதிலும் ஆச்சரியமில்லை. நிபுணர்கள் பார்த்துவிட்டு, இவை முட்டையல்ல, அம்மோனைட் போன்ற கடல் உயிரினத்தைச் சுற்றிப் படிவு இறுகி உண்டான உருண்டைகள் என்றார்கள். செய்தி அத்தோடு முடிந்தது. ஆனால் எட்டாம் வகுப்புப் பாடம் ஒன்று அந்த இடத்தில்தான் தொடங்கியிருக்க வேண்டும். முட்டையா கல்லா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே கூட்டில் இட்ட முட்டைகள் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். இறுகிய உருண்டைகள் சிறிதும் பெரிதுமாகக் கலந்து கிடக்கும். ஆகவே தையல்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு இருபது உருண்டைகளின் சுற்றளவை அளந்து ஒரு வரைபடம் போட்டாலே பாதி விடை வந்துவிடும். முட்டைக்கு மெல்லிய ஓடு உண்டு, ஓட்டில் நுண்ணிய துளைகள் உண்டு. உடைந்துகிடக்கும் உருண்டையை லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஓடு தெரிகிறதா, வெங்காயம்போல அடுக்கடுக்காக இருக்கிறதா? சுற்றியுள்ள மண்ணில் கடல் சிப்பி கிடக்கிறதா? கிடந்தால், தரையில் வாழ்ந்த விலங்கு கடலடியில் எப்படி முட்டையிட்டது? டேப், லென்ஸ், நோட்டு, நான்கு நாள். இந்தப் பயிற்சி பெற்ற பிள்ளை அடுத்த முறை வாட்ஸ்அப்பில் எந்தப் படம் வந்தாலும் உடனே ஃபார்வர்டு செய்யாது என்பது கூடுதல் லாபம்.

கல்லமேடு இன்னொரு விதத்தில் பாடம். அரியலூர் மாவட்டத்தின் அந்த ஊரில் கிடைத்த பிரம்மாண்ட எலும்புகளை வைத்து, நிலவியல் ஆய்வுத் துறையின் யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1980-களில் ‘புருஹத்காயோசாரஸ்’ என்ற பெயரில் ஒரு டைனோசரை அறிவித்தார்கள். முதலில் அதை ஊனுண்ணி என்றார்கள். பிறகு அது நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று திருத்தப்பட்டது. பூமியில் நடமாடிய மிகப் பெரிய விலங்குகளின் பட்டியலில் அதன் பெயர் இன்றும் அடிபடுகிறது. அடிபடுகிறதே தவிர, அடித்துச் சொல்ல ஆதாரம் கையில் இல்லை. அந்த எலும்புகள் நொறுங்கி அழிந்துவிட்டன. வெளியான கோட்டோவியங்கள் போதாமல், அது எலும்பே இல்லை, கல்லான மரம் என்று சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். களத்தில் அந்நாளில் எடுத்த புகைப்படங்கள் 2022-இல் வெளியான பிறகே எலும்புதான் என்ற தரப்பு வலுப்பெற்றது. தேர்ந்த விஞ்ஞானிகள் கையாண்ட ஒரு கண்டுபிடிப்பின் கதி சில புகைப்படங்களில் தொங்கிக்கொண்டிருந்தது என்றால், பதிவு எழுதுவது எவ்வளவு பெரிய வேலை என்பது புரியும். எங்கே கிடந்தது, எந்தத் தேதி, எவ்வளவு நீளம், எந்தத் திசையில் படுத்திருந்தது, பக்கத்தில் என்ன இருந்தது என்பதைப் பிழையின்றி எழுத பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் முடியும். நம் பாடத்திட்டத்தில் அந்தப் பழக்கத்துக்கு மதிப்பெண் குறைவு. அழகான கையெழுத்துக்குத்தான் அதிகம்.

எல்லாம் கல்லும் எலும்புமாகத்தான் இருக்க வேண்டுமா என்றால், இல்லை. தமிழகத்தில் சின்ன வெங்காயம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்வரிசையில் நிற்கிறது. செட்டிகுளம் பக்கம் அறுவடை முடிந்தால் நல்ல விலை வரும்வரை வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைப்பார்கள். ஒரே மாதம் போட்ட இரண்டு பட்டறைகளில் ஒன்று தாங்குகிறது, ஒன்று அழுகுகிறது. ஏன்? காற்று வரும் திசையா, அடித்தளத்தின் உயரமா, குவித்த கனமா, காயவைத்த நாட்களா? ஒரு வகுப்பில் பத்து வெங்காய வீடு இருந்தால் பத்துப் பட்டறைகள் ஆய்வுக்குத் தயார். பத்துக் கிலோவைத் தனியாக முடிந்துவைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடைபோட்டு, அழுகியதைப் பிரித்து எண்ணி எழுதினால், பருவம் முடியும்போது ஊருக்கே உதவும் ஓர் அட்டவணை கிடைக்கும். கணக்குப் பாடத்தின் சராசரியும் சதவீதமும் அப்போதுதான் அந்தப் பிள்ளைக்கு உறைக்கும், ஏனென்றால் அது அப்பாவின் பணம். மக்காச்சோளமும் அப்படித்தான். 2018-இல் அமெரிக்கப் படைப்புழு இறங்கி இந்த மாவட்டங்களில் பயிரைச் சூறையாடியபோது ஆளுக்கொரு மருந்து அடித்தார்கள். வயலில் ஐந்து இடங்களில் இருபது இருபது செடி என்று நூறு குருத்துகளைப் பார்த்து, எத்தனையில் புழு கடித்திருக்கிறது என்று வாரம்தோறும் எண்ணுவதுதான் வேளாண் அதிகாரிகளும் கையாளும் முறை. எண்ணத் தெரிந்த எவரும் செய்யலாம்.

வரலாற்றுக்கு வருவோம். 1956 நவம்பர் 23 அதிகாலை, அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போனதில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. சுமார் 150 பேர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். நாடு முழுக்கப் பாடப்புத்தகங்களில் சாஸ்திரியின் ராஜினாமா இருக்கிறது. ஆற்றிலிருந்து மனிதர்களை இழுத்துப்போட்ட உள்ளூர் கைகளைப் பற்றிய பதிவு எங்கே? அன்று பத்து வயதுச் சிறுவனாக இருந்தவருக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. இன்னும் ஐந்தாறு ஆண்டு தாமதித்தால் கேட்க ஆள் இருக்காது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து மலைக்கிராமம் ஒன்றில் 1966-இல் பள்ளி மாணவர்கள் ஊர்ப் பெரியவர்களைப் பேட்டி கண்டு ‘ஃபாக்ஸ்ஃபயர்’ என்று ஓர் இதழ் தொடங்கினார்கள். அந்தத் தொகுப்புகள் பிறகு புத்தகமாகி லட்சக்கணக்கில் விற்றன. மருதையாற்றங்கரைக்கு அந்தத் தகுதி நிச்சயம் உண்டு. (அரியலூர் இரண்டாம் முறையாகத் தனி மாவட்டமானதும் ஒரு நவம்பர் 23-இல்தான், 2007-இல். அந்த நாளைப் பள்ளிகள் இதற்கே எடுத்துக்கொள்ளலாம்.) 2024-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம், தொல்லியல் துறை அகழ்ந்த கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேடு, ரஞ்சன்குடிக் கோட்டை என்று பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். பறவைக் கணக்கெடுப்பில் பள்ளிப் பிள்ளைகள் எண்ணியதை ஆய்வாளர்கள் பயன்படுத்தவே செய்கிறார்கள். பொங்கல் விடுமுறையில் 2015 முதல் தமிழகம் முழுக்க அப்படியொரு கணக்கெடுப்பு நடக்கிறது.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது, பிள்ளைகளால் ஆகுமா என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுள்ளவர்கள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, அளந்து, நாட்குறிப்பு எழுதி, அறிக்கை படிக்கிறார்கள். தமிழகத்தில் அதை ஒருங்கிணைத்துவருவது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியர் வே.ராஜகுரு நடத்திய தொன்மைப் பாதுகாப்பு மன்ற மாணவர்கள் கல்வெட்டுப் படிக்கவே கற்றுக்கொண்டு, பானை ஓடுகளையும் காசுகளையும் அடையாளம் கண்டு செய்தியானார்கள். எல்லாவற்றுக்கும் மேலான சான்று மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத். 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அந்த அறிவியல் கற்பித்தல் திட்டம், சோதனை செய்தே படிப்பது என்ற ஒரே கொள்கையோடு பல நூறு அரசுப் பள்ளிகளுக்குப் பரவி முப்பது ஆண்டு நீடித்தது. புத்தகத்தைத் திறந்துவைத்துத்தான் தேர்வு. செய்முறைக்கும் தனித் தேர்வு. கிராமத்து ஆசிரியர்கள்தான் நடத்தினார்கள். 2002-இல் மாநில அரசு அதை நிறுத்தியது. முப்பது ஆண்டு நடந்த ஒன்றை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று யாரும் சொல்ல முடியாது. அரசு கைவிட்டால் நல்ல திட்டமும் படுத்துவிடும் என்பதையும் அதே ஹோசங்காபாத்தான் சொல்கிறது.

நேரம் எங்கே என்பதுதான் ஆசிரியர்களின் முதல் கேள்வி, அது நியாயமான கேள்வி. எமிஸ் இணையதளப் பதிவேற்றம், தேர்தல் பணி, பயிற்சி வகுப்பு, இதற்கு நடுவில் பாடம் முடித்தாக வேண்டும். நூறு சதவீதத் தேர்ச்சி காட்டாவிட்டால் கூட்டத்தில் நிற்கவைத்துக் கேட்பார்கள். ஆனால் இது புதுச் சுமை அல்ல, ஏற்கெனவே தலையில் இருக்கும் சுமையை மாற்றிவைப்பதுதான். எட்டாம் வகுப்புவரை வளரறி மதிப்பீடு (அ)வுக்கு 20 மதிப்பெண் 2012 முதல் இருக்கிறது. மேல்நிலை வகுப்புகளில் பாடத்துக்கு 10 மதிப்பெண் அகமதிப்பீட்டில் ஒப்படைவுக்கும் செயல்திட்டத்துக்கும் பங்கு உண்டு. அந்த மதிப்பெண்ணை ஜிகினா அட்டைக்கும் போடலாம், பட்டறை அட்டவணைக்கும் போடலாம். வகுப்புக்குப் பத்துத் தலைப்பு தேவையில்லை. ஆண்டுக்கு ஒரு பள்ளிக்கு ஒரே கேள்வி போதும். கணக்கு ஆசிரியர் அட்டவணையைப் பார்ப்பார், தமிழாசிரியர் அறிக்கையைப் பார்ப்பார், அறிவியல் ஆசிரியர் முறையைப் பார்ப்பார். ஐம்பது ஒரே மாதிரி நோட்டில் கையெழுத்துப் போடுவதைவிட பத்துக் குழு அறிக்கையைப் படிப்பது சிரமமா என்று அவர்களே சொல்லட்டும்.

விடை ஆசிரியருக்கே தெரியாதே என்பது இரண்டாவது தயக்கம்; வெளியே சொல்லாத தயக்கமும்கூட. தெரியாததால்தான் அது ஆய்வு. துணைக்கு ஆள் இல்லாமலும் இல்லை. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன, சிமென்ட் ஆலைகளில் நிலவியல் படித்தவர்கள் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். மாதம் ஒரு மணி நேரம் கேட்டால் மறுப்பவர்கள் குறைவாகவே இருப்பார்கள். மறுத்தால் மாவட்ட ஆட்சியர் ஒரு கடிதம் போடட்டும்.

பாதுகாப்பு பற்றிய அச்சத்தை மட்டும் லேசாகத் தள்ளிவிட முடியாது. கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் ஆழமானவை, தண்ணீர் நிறைந்தவை. இயங்கும் சுரங்கமும் கல் குவாரியும் பிள்ளைகள் போகும் இடமே அல்ல. காரை மேடுகளுக்கு ஆசிரியர் இல்லாமல் போகக் கூடாது. இதில் சமாதானம் கிடையாது. பிள்ளைகளை அவிழ்த்துவிட்டால் இருக்கிற அம்மோனைட்டையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று நிலவியலாளர்கள் கவலைப்படுவதும் சரியே. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடு, இடத்தை எழுது, கல்லைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிடு என்பதை முதல் விதியாக வைத்தால், ஊரில் அந்தக் கல்லுக்குக் காவலும் கிடைக்கும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி எந்தப் புராஜெக்ட்டையும் நம்ப முடியாதே என்பது புதிய புலம்பல். ‘சாத்தனூர் கல்மரம் பற்றிப் பத்துப் பக்கம்’ என்றால் கைப்பேசி ஒரு நிமிடத்தில் எழுதித்தரும், ஜெராக்ஸ் கடைக்கும் போக வேண்டாம். நம் தெருக் கிணற்றில் இந்த வாரம் தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது. பொய்யாக எண் எழுதிவிட்டால்? ஒரே பட்டறையை இரண்டு குழு தனித்தனியாக எடைபோடட்டும்; எண்கள் ஒத்துவருகிறதா என்று பார்த்தால் போதும். ஐந்து நிமிடம் வாய்மொழியாகக் கேட்டாலும் தெரிந்துவிடும். எடை ஏன் நடுவில் ஒருமுறை கூடியது என்று கேளுங்கள். உண்மையில் எடை போட்டவன் ‘அன்னைக்கு மழை சார், சாக்கு நனைஞ்சிடுச்சு’ என்பான். கூகுளில் எடுத்தவன் முழிப்பான்.

மதிப்பெண் எப்படிப் போடுவது என்பதில் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். கேள்வி தெளிவாக இருந்ததா, பதிவு ஒழுங்காக இருந்ததா, எங்கே தவறியது என்று எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ‘எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை, காரணம் இது’ என்று முடியும் அறிக்கைக்கு முழு மதிப்பெண் போட மனம் வர வேண்டும். அது வராவிட்டால் எண்களைத் திருத்தி விடையைச் செய்துகொடுக்கப் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். பத்திரிகைகளுக்கும் ஒரு வார்த்தை: எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஒரு சிப்பியைப் படமெடுத்தால் ‘டைனோசரைக் கண்டுபிடித்த மாணவர்கள்’ என்று தலைப்புப் போடாதீர்கள். குன்னத்து முட்டைக்கு நாம் செய்தது போதும்.

நீட், பொறியியல் என்று ஓடும் காலத்தில் வெங்காயம் எடைபோட்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்கும் பெற்றோரின் கவலை உண்மையானது. முதல் தலைமுறையாகப் படிக்கும் வீட்டில் மதிப்பெண்தான் ஏணி. ஆனால் இப்போதைய புராஜெக்ட் அந்த ஏணியில் ஒரு படியும் சேர்ப்பதில்லை. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் கலர் பிரின்ட்டுக்கும் சார்ட்டுக்கும் காசு பிடுங்குகிறது, அவ்வளவுதான். நகரத்துப் பிள்ளையிடம் இணையமும் பிரின்டரும் இருக்கின்றன. வயலும் கிணறும் பட்டறையும் பாட்டியின் நினைவும் கிராமத்துப் பிள்ளையிடம்தான் இருக்கின்றன. கேள்வியை மாற்றினால், வகுப்பில் வழக்கமாகக் கடைசி பெஞ்சில் உட்காரும் ஆடு மேய்க்கிற வீட்டுப் பையனுக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது அது நடக்கட்டுமே.

இதற்குப் புதிய அரசாணை வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். இரு மாவட்டத் தலைமை ஆசிரியர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: வரும் ஜூனில் பள்ளி திறந்ததும் உங்கள் ஊரிலிருந்து விடை தெரியாத ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். மார்ச்சில் அந்த அறிக்கையின் ஒரு பிரதியைப் பள்ளி நூலகத்தில் வையுங்கள், இன்னொன்றை ஊராட்சி அலுவலகத்துக்குக் கொடுங்கள். அடுத்த ஆண்டு வரும் வகுப்பு அதே கேள்வியை அங்கிருந்து தொடரட்டும்.